வேறு நோய்க்கு வந்த மருந்து



தகடூர் நாட்டிலிருந்து பேச வருகின்ற எவரும் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். நானும் பல மேடைகளில் அவ்வாறு தொடங்கியவன்தான். இன்று மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனாதலின் அக்கனியை நினைவூட்டுவது இன்னும் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆயினும் அதனை விடுத்து, நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்க எண்ணுகிறேன்.

தருமபுரி மாவட்டத்து மேனிலைப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலம். நாள்தோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறளும் உறுதிமொழியும் முடிந்தபின் நாளேட்டிலிருந்து ஒரு செய்தி வாசிக்கப்படும். மாணவர் ஒருவர் வாசிப்பதே முறை. அறிவியற் செய்தியாயின் நானே வாசிப்பேன். உயிரியல் பயிற்றியவன் என்னும் சிறு செருக்கு எனக்கு இருந்தது. 2012ஆம் ஆண்டில் ஒருநாள், முகப்பருவுக்கும் வேறு சில தொற்றுகளுக்கும் கொடுக்கப்படுகின்ற மினோசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, மனச்சிதைவு நோயாளருக்கும் பயன் தருவதாக ஒரு செய்தி வந்திருந்தது. பாகிஸ்தானிலும் பிரேசிலிலும் 144 பேரைக் கொண்டு ஓராண்டுக் காலம் நடந்த ஆய்வு அது. எவரோடும் பேசாமலும் எதிலும் நாட்டமின்றியும் ஒடுங்கிக் கிடக்கின்ற நிலை அம்மருந்தால் ஓரளவு தணிந்ததாம். வியப்போடு அதனை வாசித்தேன். அதற்குள் முதற்பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது. செய்தியின் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு மேடையினின்று இறங்கினேன்.

அக்கடைசிப் பத்தியில் இரண்டு செய்திகள் இருந்தன. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தாம் வழக்கமாக உட்கொண்டுவந்த மனநோய் மருந்தை நிறுத்தாமல், அதனோடு கூடுதலாகவே மினோசைக்ளினை உட்கொண்டார்கள் என்பது ஒன்று. முடிவை உறுதிப்படுத்த இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்பது மற்றொன்று.

அன்று கூட்டத்தில் நின்ற பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. கல்லூரிக்குச் சென்றவன்; இரண்டாம் ஆண்டில் காதில் யாரோ பேசுவதுபோல் ஒலி கேட்கத் தொடங்கி, படிப்பை விட்டு வீட்டோடு இருந்தவன். இது எனக்குத் தெரியாது. அவ்வீட்டில் அன்று மாலை என்ன நடந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒரு நோய்க்கெனச் செய்த மருந்து மற்றொரு நோய்க்குப் பயன்படுவது பொய்யன்று. மனநோய் மருத்துவம் வளர்ந்த வரலாற்றில் பெரும்பகுதி அத்தகைய நிகழ்ச்சிகளால் ஆனது. அவற்றுள் ஒன்று நம் நாட்டு மண்ணிலேயே முளைத்தது.

சர்ப்பகந்தி என்னும் செடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் பித்துக்கும் நம் நாட்டு மருத்துவர்கள் பன்னெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் குருதிக் கொதிப்பையும் மனவெறியையும் ஒருங்கே தணிக்கின்றது என்று மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல், குருதிக் கொதிப்பில் இவ்வேரின் பயனை இங்கிலாந்து நாட்டு இதழ் ஒன்றில் விரிவாக எடுத்துரைத்தார். அதன்பின்னரே மேனாட்டார் கண் திறந்தனர் எனலாம். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் சத்தைத் தனியே பிரித்து, ரெசர்பின் என்று அழைத்தனர்.

குருதிக் கொதிப்பு மருந்தாக அது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தபோது, நியூயார்க் மாநிலத்து ராக்லண்டு மனநோய் மருத்துவமனையில் இருந்த நேதன் கிளைன் என்பார், மனநோய்க்கும் இவ்வேர் பயன்படுவதாக இந்தியாவிலிருந்து வந்த செய்தியொன்றை நாளேட்டில் கண்டார். அவரும் நாளேட்டைப் பார்த்தே தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்! ஆனால் அவர் அதனை நோயாளர் நூற்றுக்கணக்கானோர்க்குக் கொடுத்து, கண்டவற்றைக் குறித்து, 1954இல் வெளியிட்டார். அம்மருத்துவமனையில் உடைந்த சன்னற் கண்ணாடிகளை மாற்றுகின்ற தொழிலாளி, 'இப்போதெல்லாம் எனக்கு வேலையே குறைந்துவிட்டதே' என்று வியந்ததாக ஒரு கதை சொல்வார்கள்.

இனி அடுத்த மருந்துக்கு வருவோம். காசநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகின்ற ஐசோநியாசிட் 1912ஆம் ஆண்டிலேயே பிராகு நகரில் செய்யப்பட்டுவிட்டது. அதைச் செய்தவர்கள் மருந்து என்று எண்ணிச் செய்யவில்லை. நாற்பது ஆண்டுகள் அது எவர் கவனத்திலும் படாமல் கிடந்தது. 1952இல்தான் காசநோய்க் கிருமியை அது கொல்லும் என்பது வெளியாயிற்று. அதன் உடன்பிறப்புப் போன்ற ஐப்ரோநியாசிட் என்னும் மருந்தும் உடன் வந்தது. நியூயார்க் நகரின் சீவியூ மருத்துவமனையில், சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த காசநோயாளர்க்கு இவ்விரண்டையும் கொடுத்தனர். அவர்கள் உண்ணத் தொடங்கினர், உடல் தேறினர். அதற்கு மேலும் ஒன்று நிகழ்ந்தது. நோய் முற்றும் நீங்குமுன்னரே சிலர்க்கு அளவுக்கு மீறிய கிளர்ச்சி உண்டாயிற்று. கூடத்தில் அவர்கள் ஆடிப்பாடி மகிழ்கின்ற படங்கள் நாளேடுகளில் வந்தன.

காசநோயாளியை ஆடவைக்கும் மருந்து சோர்ந்து கிடக்கும் மனநோயாளியை எழுப்பாதா? முன்பு நான் சொன்ன அதே கிளைன் 1957இல் இதனைக் கையாண்டு, நற்பயன் கண்டதாக அறிவித்தார். கடையில் அது காசநோய் மருந்தாகவே விற்கப்பட்டு வந்தது. பெட்டியின் மீது மனச்சோர்வு என்னும் சொல்லே இல்லை. இருந்தும் ஓராண்டுக்குள் ஏறத்தாழ நான்கு இலட்சம் மனச்சோர்வு நோயாளர்க்கு மருத்துவர்கள் அதனை எழுதிக் கொடுத்தனர்.

இவ்விரு மருந்துகளும் மூளையில் செய்வதென்ன? நம் ஊர் வீடுகளில் முன்னாளில் கேழ்வரகைக் குதிரில் கொட்டி வைப்பார்கள். நரம்பின் நுனியிலும் அத்தகைய சிறு குதிர்கள் உண்டு. ஒரு நரம்பு மற்றொன்றுக்குச் செய்தி சொல்லுதற்கு வேண்டிய செரட்டோனின், நாரட்ரினலின் போன்ற பொருள்கள் அவற்றில் சேமிக்கப்பட்டுள்ளன. குதிருக்கு வெளியே சிந்தியதைத் தின்றுவிட ஓர் எலியும் அங்கே உண்டு. மோனோஅமைன் ஆக்சிடேசு என்பது அந்நொதியின் பெயர். ரெசர்பின் குதிரை ஓட்டையாக்குகிறது. உள்ளிருந்த தானியம் சிந்த, எலி அதனைத் தின்றுவிடுகிறது. விலங்கு அசைவற்றுப் படுத்துவிடுகிறது. ஐப்ரோநியாசிட் அந்த எலியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. முதலில் எலியைக் கட்டிவிட்டுப் பின்னர்க் குதிரை உடைத்தால்? தானியம் வெளியே குவிகின்றது. விலங்கு சோர்வதற்கு மாறாகத் துள்ளுகின்றது. ஆய்வுக்கூடத்தில் இவ்வாறே கண்டனர். 1957இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் கல்லாய்ச் சமைந்திருந்த முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளைச் செலுத்த, அவை காதை நிமிர்த்தி எழுந்தன. பின்னாளில் நடுக்குவாத நோயாளர்க்கு அப்பொருளே மருந்தாயிற்று. கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். நம் காட்டு வேர் ஒன்றும் காசநோய் மாத்திரை ஒன்றும் சேர்ந்து, மனத்தின் வேதியியலுக்கே வாயிலைத் திறந்துவிட்டன.

இவ்வளவு அழகான விளக்கம் கிடைத்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணினர். அவ்வாறு எண்ணியது பிழை. ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்று பலர் கூறிவந்த அக்காலத்திலேயே, 1955இல், இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிசும் ஷெப்பர்டும் சோர்வும் கலக்கமும் உடைய நோயாளர்க்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர். போலி மாத்திரை உண்டவரினும் ரெசர்பின் உண்டவரே நலமாக இருந்தனர்! விளக்கத்துக்கு ஒத்துவராத அம்முடிவைப் பலரும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. குதிரும் எலியும் என்று நான் சொன்ன உவமை தேர்வில் மதிப்பெண் பெற உதவும். மனநோய் முழுவதையும் அது விளக்கிவிடும் என்று இன்று வல்லுநர் எவரும் கூறார்.

ஐப்ரோநியாசிட் என்னவாயிற்று? அதனை உண்டவர்களிற் சிலர்க்கு மஞ்சட் காமாலை கண்டது. ஈரல் கெட்டுச் சிலர் மாண்டனர். 1961இல் அமெரிக்காவில் அது விற்பனையினின்று நீக்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த பிற மருந்துகளை உண்டவர்கள் பாலாடைக் கட்டியைத் தின்றவுடன் கடுந்தலைவலியும் குருதிக் கொதிப்பும் உற்றனர். எலியைக் கட்டிவைத்தால் உணவிலிருந்து வருகின்ற டைரமின் என்னும் பொருளைத் தின்பதற்கும் ஆள் இல்லையன்றோ? பாரி பிளாக்வெல் என்னும் இளம் மருத்துவர் 1963இல் இதனை வெளிப்படுத்தினார்.

நுண்ணுயிர்க்கொல்லியே பித்தைத் தீர்த்த வரலாறும் உண்டு. மேகநோய் முற்றி மூளையைத் தாக்குவதால் உண்டாகும் பைத்தியம் ஒருகாலத்தில் மேனாட்டு மனநோய் இல்லங்களை நிரப்பியிருந்தது. 1913இல் நொகுச்சியும் மூரும் அத்தகையோர் மூளையில் மேகநோய்க் கிருமியைக் கண்டனர். 1917இல் வியன்னாவின் வாக்னர்-யாவுரெக் அந்நோயாளர்க்கு மலேரியாக் காய்ச்சலை வலிந்து உண்டாக்கி, அவ்வெப்பத்தால் கிருமியை ஒடுக்கினார். அதற்கு 1927இல் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர்ப் பெனிசிலின் வந்தது. காய்ச்சலுக்கு வேலை இல்லாது போயிற்று. கிருமியால் வந்த பித்து, கிருமியைக் கொன்றதும் அடங்கிற்று.

எல்லாப் பித்துக்கும் கிருமியே காரணம் என்று ஒருவர் துணிந்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் டிரென்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த ஹென்றி காட்டன் அவ்வாறே துணிந்தார். நுண்ணுயிர்க்கொல்லி தோன்றாத காலம் அது. ஆகையால் கிருமி தங்குமிடம் என்று கருதிப் பற்களைப் பிடுங்கினார், உள்நாக்குச் சதையை எடுத்தார், குடலையும் வெட்டினார். பலர் மடிந்தனர். அவர் வஞ்சகர் அல்லர். தம் கொள்கையை உண்மையாகவே நம்பியவர். தம் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்குவித்தார் என்றால் வேறு சான்று எதற்கு?

அளவைப் பற்றியும் ஒரு சொல். கீல்வாதத்துக்கு ஒருகாலத்தில் கொடுக்கப்பட்ட லித்தியம் என்னும் உப்பு, வெறியுற்ற மனத்தை அமைதிப்படுத்தும் என்று 1949இல் ஆசுத்திரேலியாவின் ஜான் கேட் கண்டார். இன்றும் அது சிறந்த மருந்தே. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆதலால் குருதியைச் சோதித்துச் சோதித்தே கொடுப்பார்கள். தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் கிணற்று நீரிலுள்ள புளூரைடு சிறிதளவாயின் பல்லுக்கு நல்லது. மிகுந்தமையால் நம் பெரியோர் பலருடைய பற்கள் பழுப்பேறின, எலும்புகள் வளைந்தன. ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாய்வழிக் கொணர்ந்தது அதன்பொருட்டன்றோ?

காசநோய் மருந்துகளே மனத்தைக் கலக்குவதும் உண்டு. சைக்ளோசெரின் என்னும் மருந்தை உண்ட காசநோயாளர் சிலர்க்கு மனவுற்சாகம் தோன்றியதாக 1959இல் கிரேன் என்பார் எழுதினார். அதே மருந்து வேறு சிலர்க்கு மயக்கத்தையும் பிதற்றலையும் தந்தது. ஐசோநியாசிட் உண்பவர்க்கு நரம்பு கெடாதிருக்க பி-6 வைட்டமினைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. ஒரே மாத்திரை ஒருவனுக்கு ஒருவிதமாகவும் மற்றொருவனுக்கு வேறுவிதமாகவும் இருப்பின், எதனை நம்புவது?

இதற்கு விடை சொன்ன ஆய்வுகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. நியூயார்க்கில் நோயாளர் ஆடிய படம் வெளிவந்த நான்காண்டுகளில், 1956இல், சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதே ஐசோநியாசிட் அங்கும் கையாளப்பட்டது. பாஸ் என்னும் மருந்தும் உடன் சேர்ந்தது. காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அந்நாள் வரை எல்லாரும் கொண்டிருந்த நம்பிக்கை. சேத்துப்பட்டு மருத்துவர்கள் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நோயாளர்களைக் குலுக்கல்முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு ஆரோக்கிய நிலையத்துக்குச் சென்றது. மற்றொரு பிரிவு நெருக்கமான தன் குடியிருப்பிலேயே எளிய உணவை உண்டுகொண்டு, அதே மருந்தைப் பெற்றது. ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது இரு பிரிவிலும் குணமானோர் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தவர்க்கும் அது தொற்றைப் பெருக்கவில்லை. 1959இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றிற்று. மாணவர்களே, சென்னைக்குச் சுற்றுலாச் செல்கையில் கடற்கரையையும் விலங்குக் காட்சிச்சாலையையும் பார்க்கிறீர்கள். சேத்துப்பட்டு வழியே போகும்போது அந்தக் கட்டடத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன்.

தம்பி அன்று மாலை வீட்டுக்குச் சென்று, தலைமையாசிரியர் சொன்னார் என்று செய்தியைச் சொன்னான். அண்ணன் உண்டுவந்த மாத்திரை அவன் குரல்களை அடக்கியிருந்தது. ஆனால் எந்நேரமும் தூக்கம். உடல் பெருத்து, ஒத்த இளைஞர் ஏளனம் செய்யும்படி ஆகியிருந்தது. அவனுக்கே அதன்மேல் வெறுப்பு. பருவுக்குத் தருகின்ற மாத்திரை எளியதாகத்தானே இருக்கும் என்று தந்தையார் எண்ணினார். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டின்றி அதனைத் தரலாகாது என்னும் விதி அன்றும் இருந்தது. பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்கினர். முதல் மூன்று வாரம் அவன் விழிப்போடும் கலகலப்போடும் இருந்தானாம். தூக்க மருந்து நின்றதால் வந்த விழிப்பு அது. வீட்டார் அதனைக் குணம் என்று கொண்டனர். இரண்டாம் மாதத்தில் குரல்கள் திரும்பின. ஒருநாள் விடியலில் அவனைக் காணவில்லை.

நான்கு நாள் தேடினார்கள். நான்காம் நாள்தான் எனக்குச் செய்தி எட்டியது. தந்தையார் பள்ளி வாயிலில் நின்றிருந்தார். கோபித்துக் கொள்வார் என்று அஞ்சியவண்ணம் சென்றேன். அவரோ கைகூப்பி, 'நீங்க சொன்னீங்கன்னு பையன் வந்து சொன்னானுங்க ஐயா. அதான் செஞ்சோம். இப்ப என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க' என்றார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தும் முறைகள் பல கற்றுக் கொடுத்தார்கள். அவர்க்கு என்ன மறுமொழி சொல்வது என்பதற்கு அவற்றில் ஒன்றும் உதவவில்லை.

ஐந்தாம் நாள் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டுபிடித்தோம். காலில் செருப்பில்லை, புண்பட்டிருந்தான். நானும் உடன் சென்று பெங்களூரில் மருத்துவரிடம் காட்டினோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய மருந்தின் தூக்கத்தையும் உடற்பெருக்கத்தையும் பற்றி முன்பே மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாமே என்றுமட்டும் கேட்டார். அதைச் சொல்லலாம் என்பதே அவ்வீட்டார்க்குத் தெரியாது. மருந்தை மாற்றிக் கொடுத்தார். தேறுவதற்கு ஏழெட்டு மாதங்களாயின. விட்ட படிப்பை அவன் மீண்டும் தொடரவில்லை. இன்று மாங்கன்று வளர்க்கும் தோட்டமொன்றில் ஒட்டுக்கட்டும் வேலையில் இருக்கிறான், கைத்திறமை உள்ளவன். மாத்திரையை நாள் தவறாமல் உண்கிறான். என் வீட்டு முற்றத்தில் நிற்கும் இரு மரங்கள் அவன் தந்தவை.

2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றையும் காசநோய் மருந்துகள் சிலவற்றையும் அரசு தனிப் பட்டியலில் சேர்த்தது. அவற்றை வாங்குவோர் பெயரையும் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். தேவையின்றி உண்பதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடுகின்றன என்பது அதற்குக் காரணம்.

2016இல் ஓய்வு பெற்றேன். இரண்டாண்டுகளுக்குப் பின் மினோசைக்ளினைப் பற்றி மீண்டும் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தில், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 207 பேரைக் குலுக்கல்முறையில் பிரித்து, வழக்கமான மருந்தோடு ஒரு சாரார்க்கு மினோசைக்ளினும் மறுசாரார்க்குப் போலி மாத்திரையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். இரு சாரார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. மூளையிலுள்ள அழற்சியை அம்மருந்து தணிக்கும் என்று கொண்டிருந்த எண்ணத்துக்கு அவ்வாய்வில் ஆதரவு கிடைக்கவில்லை.

அச்செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு பழைய பள்ளிக்குச் சென்றேன். எனக்குப் பின் தலைமையேற்றவர் என் மாணவர். காலைக் கூட்டத்தில் பேச இசைவு தந்தார். 2012இல் நான் விட்ட பத்தியையும் புதிய செய்தியையும் சேர்த்து வாசித்தேன். அன்று கேட்ட பிள்ளைகள் எவரும் அங்கில்லை என்பது எனக்குத் தெரியும். வாசித்து முடித்ததும், முன்வரிசையில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி கையை உயர்த்தி, "ஐயா, பயனில்லை என்று தெரிந்துவிட்டதே, அப்படியானால் அந்த 207 பேரும் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டது வீண்தானே?" என்று கேட்டாள்.

"வீண் இல்லை அம்மா. நம் ஊர் மருந்துக் கடையில் ஓர் அப்பா சீட்டில்லாமல் அந்த மாத்திரையைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்வதற்கு இப்போது நம்மிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதை நமக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம்" என்றேன்.

மணி அடித்தது. புதிய தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு பத்தி இருக்கிறது என்றேன், அவர் காத்திருந்தார்.